துலாவைக் கண்டு ஏமாந்தேன்

கார்த்திகை 15, 1996. வெள்ளி இரவு.

அவையோரே, நாளை உங்கள் முன் பொய்யனாக நிற்கப்போகிறேன். எரிந்துபோன நம் ஊர் என்று, நாளைய நிதி சேர்ப்புக் கூட்டத்துக்கான துண்டறிக்கையில் நான் அச்சிட்ட படம் நம் ஊரே அன்று.

பழைய நூலொன்றில் கண்ட படம் அது. கூரை வேய்ந்த வீடு, வேலி, கிணறு, தண்ணீர் அள்ளும் துலா. துலாவைக் கண்டதும் வேறெதையும் பாராமல் அச்சகத்தாரிடம் கொடுத்துவிட்டேன். மாலையில் துண்டறிக்கைகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, எங்கட ஊரில ஆர் தொப்பியும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு தண்ணி அள்ளினது?”

நூலை மீண்டும் திறந்தேன். ஒல்லாந்து நாட்டுப் பண்ணையொன்றைச் செப்புத்தகட்டில் கீறி அச்சிட்ட ஓவியமாம்.

“எங்களை ஆண்ட ஒல்லாந்தர் கோட்டையை மட்டும்தான் விட்டிட்டுப் போனவை எண்டெல்லோ நினைச்சன்” என்று அவள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் பொய்யென்றால் எரிந்த வீடுகளும் பொய்யென்பார்கள். பிறகு, வீடெரிந்து அங்கே பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகளோடு ஒதுங்கியிருக்கும் என் அக்காவுக்கு யார் உதவுவார்? நாம் புலம்பெயர்ந்து வாழும் இந்த அஜின்கோர்ட்டின் தமிழ்க் கடைகளிலெல்லாம் அந்தப் படம் கிடக்கிறது. உரையின் முதல் வரியை எத்தனையோ முறை மாற்றிவிட்டேன். இதைத்தான் சொல்வேன்.

அவையோரே, கையிலுள்ள படத்தை இப்போதே கிழித்தெறியுங்கள். எரிந்த வீட்டை நம்புங்கள்.