தெருச் சல்லடையில் விட்ட தண்ணீர்

ஒக். 21, செவ்வாய்
ஒஸ்லோவில் மூன்றாம் நாளாக மழை. கடைக்குப் பின்னால் குளிர்க்களஞ்சியத்துக்கு வெட்டிய குழியில் முழங்காலளவு தண்ணீர். நேற்று ஊற்றிய கொங்கிரீட் கலந்து ஒரே சாம்பல் நிறம். அன்ரன் பேர்கன் நகரத்தில், தன் மச்சானின் கலியாணத்தில். கட்டட வேலைக்குப் பொறுப்பாகக் கொம்யூனில், அதாவது நகரசபையில், பதிந்திருப்பது அவன் பெயர்.

அனுமதிக் கடிதப்படி மழைத்தண்ணீரைக்கூடத் தொட்டியில் தெளியவிட வேண்டும். காரத்தை pH மீற்றரில் பார்த்து, 9க்குக் கீழே என்றால் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் வெளியே விடலாம். தொட்டி நிரம்பிவிட்டது. நாளை காலை கம்பி கட்டுகிறவர்கள் வருகிறார்கள். இந்தக் கிழமையை விட்டால் நிலம் உறைந்துவிடும், கூரை அடுத்த வருடம்தான்.

பம்பை நானே போட்டேன். நேரே தெருவோர வடிகாலின் இரும்புச் சல்லடைக்குள். அரை மணித்தியாலம். மீற்றரில் 11.6. பதிவேட்டில் 8.2 என்று எழுதினேன்.

வாங்க: கறிவேப்பிலை, குழாய்க்குக் கிளிப், ஜசிந்தாவின் கண்மருந்து.

ஒக். 22, புதன்
வெயில். கம்பி வேலை ஏழு மணிக்கே தொடங்கியாயிற்று. சந்தோசம்.

நாயோடு வரும் நோர்வேக்காரக் கிழவி கடைக்குள் வந்து, கீழே ஓடையில் யாரோ பால் ஊற்றியதுபோல் இருந்தது, நேற்றுப் பார்த்தாயா என்றாள். இல்லை என்றேன். இஞ்சி வாங்கிக்கொண்டு போனாள்.

மத்தியானம் போய்ப் பார்த்தேன். தண்ணீர் தெளிந்துவிட்டது. கல்லெல்லாம் வெள்ளைப் படிவு. கரையோரம் விரலளவு மீன்கள், வயிறு மேலே. ஒன்பது வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை.

சல்லடைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது என்று நினைத்திருந்தேன். பதினெட்டு வருடம் இந்தத் தெருவில் கடை.

ஒக். 24, வெள்ளி
அன்ரன் வந்துவிட்டான், ஒரு பெட்டி பலகாரத்தோடு. பதிவேட்டை விரித்துக் கையெழுத்துப் போட்டான். எண்ணைப் பார்க்கவே இல்லை.

"பாத்துப் போடடா."

"நீங்கள் எழுதினதிலை நான் என்னத்தைப் பாக்க, அண்ணை? பயித்தம் பணியாரம் எப்பிடி?"

பிடிபட்டால் என் கடை போகாது. அவனுடைய தொழில் அனுமதி போகும். மூன்றாம் தரம் சோதனை எழுதி எடுத்தது.

ஒக். 25, சனி
கடையில் நல்ல சனம். மனைவி ஜசிந்தாவிடம் சொன்னேன். வெண்டிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு மாம்பழம் அழுகியிருந்தாலே வீடு தேடிப்போய் மாத்திக் குடுக்கிற ஆள் நீங்கள்."

"அது சனம் திரும்பி வராதெண்ட பயத்திலை."

"ஓம், அது எனக்குத் தெரியும்" என்றாள்.

ஒக். 27, திங்கள்
வான் வண்டியின் கண்ணாடியில் உறைபனி. சுரண்டப் பத்து நிமிடம். வானுக்குள் வைத்தே அன்ரனிடம் எல்லாம் சொன்னேன்.

"ஏன் எனக்குச் சொன்னனீங்கள்? சொல்லாட்டி நான் அறியாதவன். இப்ப மறைச்சா நானும் கூட்டு."

இதை நான் யோசிக்கவில்லை. எல்லாம் யோசித்துச் செய்கிறவன் என்று ஊருக்குள் பெயர்.

அவன் முன்னாலேயே கொம்யூனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பம்ப் போட்டது நான், பொய் எண் எழுதியது நான், அவன் அன்று ஒஸ்லோவிலேயே இல்லை என்றேன். அதிகாரி குரலை உயர்த்தவில்லை. எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொன்னாள். வேலை நிறுத்தம். அன்ரனின் விடயம் பிறகு தெரியுமாம்.

நவ. 2, ஞாயிறு
மைனஸ் மூன்று. கூரை இந்த வருடம் இல்லை. அன்ரனின் பெயரைப் பதிவிலிருந்து எடுக்காமல் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். தொட்டித் தண்ணீரை மட்டும், அளந்து, வெளியே விட அனுமதி.

தேவாலயத்தில் பூசை முடிந்து நானும் அன்ரனும் தொட்டியடிக்குப் போனோம்.

"அளவுங்கோ."

மீற்றரை விட்டேன். 7.9. எழுதிக் கொடுத்தேன். அன்ரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீற்றரைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். திரும்பவும் மீற்றரை.