உன் மேல் பழி போட்ட டீக்கடை

மாமு,

நேற்று கடைசி ஆட்டத்தில், இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில், காசிமேட்டுப் பக்கமிருந்து கருவாட்டு வாடை குப்பென்று மைதானத்துக்குள் வந்தது. "காத்து திரும்பிட்சி மாமு, இனிமே கோலு நம்மளுதுதான்" என்று நீ தொடையைத் தட்டுவாயே, அந்த வாடை. என்னையறியாமல் பக்கத்தில் திரும்பினேன். நாம் உட்காரும் மதிலில் உன் இடத்தில் யாரோ தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தார்கள். அடுத்த பந்து நம் வலைக்குள்தான் போனது. நீ போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் சீசன்; நம் டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு.

அப்புறமென்ன, டீக்கடை. தோற்ற நாளில் யார் தலையிலாவது பழியைப் போடாமல் நம் ஆட்கள் வீட்டுக்குப் போவார்களா? நீ இருந்தவரை அது ஒரு கூத்து. கோச்சில் ஆரம்பிப்பார்கள், ரெஃப்ரியைக் கிழிப்பார்கள், கடைசியில் கோல்கீப்பர் சேகரிடம் வந்து நிற்பார்கள். பகலெல்லாம் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டிவிட்டு வந்து பந்து பிடிக்கிறவன். குரல்கள் தடிக்கிற நேரம் பார்த்து நீ கிளாஸை டப்பென்று வைப்பாய்.

"அவன இன்னாத்துக்குடா ஏசுறீங்க? எல்லாம் என்னாலதான். போன ஆட்டம் ஜெயிச்சப்போ கட்டிகினு வந்த லுங்கிய வூட்ல தோச்சிப் போட்டுட்டாங்கோ. நான் இன்னா பண்றது?"

உடனே மொத்தக் கடையும் உன்மேல் பாயும். "யோவ், அத எதுக்குய்யா தோய்க்க வுட்ட?" என்று நிஜமாகவே சண்டைக்கு வருவார்கள். அந்தச் சந்தடியில் சேகர் டீயைக் குடித்துவிட்டு நழுவிவிடுவான். ஏன் வீணாகத் திட்டு வாங்குகிறாய் என்று கேட்டதற்கு, "நாளைக்கு அவன்தான மாமு பந்து புடிக்கணும்? நானா புடிக்கப் போறேன்?" என்றாய்.

நேற்று நேராக அவனிடமே வந்துவிட்டார்கள். கையில் ஓட்டை என்றார்கள். காசு வாங்கிவிட்டான் என்றார்கள். அவன் அம்மாவையும் இழுத்தார்கள், பாவிகள். பொறுக்க முடியாமல் நான் எழுந்து, "டேய், நான்தான்டா இன்னிக்கு எடம் மாறி குந்திகினேன்" என்றேன். ஒருத்தனும் சிரிக்கக்கூட இல்லை. "சும்மா குந்து பெருசு" என்று என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, மறுபடி அவனிடமே போனார்கள்.

இன்று காலை சேகர் தண்டையார்பேட்டையில் என் பட்டறைக்கு வந்தான். அழுது கண் வீங்கியிருந்தது. கையுறைகளை மேசைமேல் போட்டான்.

"இனிமே ஆடமாட்டேண்ணே."

எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. வாசல்வரை போனவன் திரும்பினான்.

"அண்ணே, இத்தினி வருசமா நான் நல்லாத்தான் ஆடிகினு இருந்தேனா? இல்ல, அவரு பழிய வாங்கிகினதால ஓடிகினு இருந்துச்சா?"

அடப்பாவி! இப்படி ஒரு கேள்வி வரும் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். "நல்லாத்தான்டா ஆடுன. என் கண்ணால பாத்தேன்" என்றேன். சத்தியமாக அது நிஜம், மாமு. அவன் இல்லையென்று தலையாட்டினான். பிறகு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கையுறைகளை எடுத்து வைத்திருக்கிறேன். அவன் வந்து கேட்பான் என்று தோன்றவில்லை. நீ பொய் சொல்லியே ஊரை நம்ப வைத்தாய். நான் நிஜத்தைச் சொல்லியும் ஒருத்தன் நம்பாமல் போகிறானே, நான் என்ன செய்வேன் மாமு?