கோட்டுப் பையில் இருந்த பொடி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். கண் கட்டைப் பிரித்துவிட்டார்களா? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறீர்களா? நீங்கள் கண்ணைச் சுருக்காமல் படிக்கவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன். அம்மாவை வாசிக்கச் சொல்லாதீர்கள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. காய்ந்த புல்லைக் காற்றுப் படாமல் சூடாக்கி எண்ணெய் எடுக்கிறோம் அல்லவா? அந்த எண்ணெய் அமிலம் கலந்து, பிசுபிசுவென்று வரும். உலையில் வினையூக்கிப் பொடி போட்டால்தான் தேறும். உங்கள் ஆபரேஷன் அன்று பொடியை எடைபோட்டுக் கையில் எடுத்தபோது அம்மா போன் செய்தாள்.

"அப்பாவ உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கடி."

"சரிம்மா, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டு, உலையை மூடிப் பற்றவைத்தேன். வந்தது தார்க் குழம்பு. மெக்கானிக் அண்ணன் இரண்டு நாள் உலையைப் பிரித்துப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு, எனக்குத்தான் பிடிபடல" என்று என்னிடமே வருத்தப்பட்டார். பொடிப் பொட்டலம் என் கோட்டுப் பையில் இருந்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை சொல்லிவிடுவேன்.

"இந்தச் சோதனைக்கு நான் இல்லாட்டி ஆகாதுப்பா" என்று சொல்லித்தானே உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வராமல் இருந்தேன்?

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உங்கள் பழைய துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் எழுதுங்கள் அப்பா. ஆபரேஷன் எந்தக் கண்ணில்? நான் கேட்கவே இல்லை.

உங்கள் மகள்