நேர்மாறுக்கு ஓர் உதாரணம்

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை. இன்று பதினொன்றாம் வகுப்பில் நேர்மாறு நடத்தினேன். பேச்சில் எதிர் என்பது வேறு, கணக்கில் நேர்மாறு வேறு என்றேன். கறுப்புக்கு வெள்ளை எதிர். நேர்மாறு என்றால் செய்ததைக் கலைத்து, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுவது. ஐந்தைக் கூட்டியவன் ஐந்தைக் கழிப்பது மாதிரி. சிலவற்றுக்கு நேர்மாறே கிடையாது என்றும் சொல்லி, வாழ்க்கையிலிருந்து உதாரணம் கேட்டேன்.

மளிகைக்கடைக்காரர் மகள் ஷாலினி எழுந்தாள்.

"கடலுக்குப் போறதுக்கு நேர்மாறு கரைக்குத் திரும்பி வர்றது மிஸ். கயலோட அப்பாவுக்குத்தான் அது கெடையாது."

வகுப்பே சிரித்தது. கயல் முகத்துவாரக்குப்பத்துப் பெண். அவள் அப்பா போன படகு மழைக்காலத்தில் கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே, "சரியான உதாரணம்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஷாலினியைத் திட்டினேன். கயல் பக்கம் பார்க்காமலே பாடத்தைத் தொடர்ந்தேன்.

மாலை மணி அடித்ததும் அவளே வந்தாள். அழவில்லை.

"எங்கம்மா இன்னும் பொட்டு எடுக்கல மிஸ். அப்பா எங்கனா கரை ஒதுங்கி இருப்பாருன்னு நான்தான் தெனம் சொல்லிகினு கீறேன். இன்னிக்கு வூட்டுக்குப் போய் இன்னா சொல்றது?"

"நான் யோசிக்காம சொல்லிட்டேம்மா."

"ஆனா கணக்குல சரிதான மிஸ்?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.