முடிவு பிரமாதமாம்

என்னங்க,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். குழாய் ரிப்பேர்காரர் மதியம் வருவார். அவருக்குக் குழாயை மட்டும் காட்டுங்கள், உங்கள் யோசனைகள் வேண்டாம்.

நான் நூலகத்துக்குப் போகிறேன். இன்றைக்கு என் விடுதிப் பள்ளிக் கொலை நாவலைப் பற்றி வாசகர்கள் பேசுகிறார்கள். முடிவு சப்பென்று இருப்பதாகப் பாதிப் பேர் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். அதைச் சொல்லி நேற்று நான் மூக்கைச் சிந்தியபோது நீங்கள்தானே சொன்னீர்கள், "அவங்க கிடக்கறாங்க விடு, முடிவு பிரமாதம்!" என்று?

காலையில் உங்கள் பிரதியைப் புரட்டினேன். பைண்டிங் கோளாறு. அதில் கடைசி அத்தியாயமே இல்லை. அந்த இடத்தில் முதல் அத்தியாயம் மறுபடி வருகிறது.

சண்டை போட இப்போது நேரமில்லை. அங்கே யார் என்ன சொன்னாலும் நின்று பதில் சொல்லப் போகிறேன்.

நல்ல பிரதி ஒன்று மேசைமேல் இருக்கிறது. கொலையாளி விடுதிச் சாவியை ஒளித்துவைத்த மாதிரியான இடத்தில்தான் உங்கள் ஸ்கூட்டர் சாவி இருக்கிறது. அந்த இடம் கடைசி அத்தியாயத்தில்தான் வரும். படியுங்கள், சாவியை எடுங்கள், என்னைக் கூட்டிப்போக வாருங்கள். பிடிக்கவில்லை என்றால் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

பி.கு.: அரிசி டப்பாவைக் கொட்டித் தேடாதீர்கள். போலீஸ் அங்கே முதல் அத்தியாயத்திலேயே தேடிவிட்டது. அதைத்தான் நீங்கள் இரண்டு தடவை படித்திருப்பீர்களே!