கூரையில் எறிந்த பால்பல்

அக்கா,

போன வாரம் குன்னூரில் பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்தபடி சாய்ந்து கிடந்தேன். மெஷின் பல்லில் பட்டதும் லேசாக ஒரு கருகல் வாசனை வந்தது. தலைமுடி பொசுங்கினால் வருமே, கிட்டத்தட்ட அது. அந்த வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். தலையில் சாக்கு, கையில் மண் சலிக்கும் சல்லடை, வீங்கிய வலது கன்னம். "வலிக்குதுங்களா, கண்ணுல தண்ணி வருதே?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவரிடம் என்னவென்று சொல்வது? எனக்கே இன்னும் பிடிபடாத கதை.

சேரம்பாடிக்குப் பக்கத்தில் நாங்கள் தொல்லியல் குழி தோண்டிய காலத்தில் தேயிலை விலை அடியோடு சரிந்து கிடந்தது. பச்சைக் கொழுந்தைக் கேட்பாரில்லை. உங்கள் எஸ்டேட்டில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை கொடுத்தார்கள். மீதி நாட்களில் எங்களிடம் மண் சலிக்க வந்தீர்கள். எந்தக் காலத்திலோ அந்தச் சரிவில் உழுது பிழைத்த ஜனங்களின் மாட்டுப் பற்களைத் தேடிக்கொண்டிருந்தோம். நம் மலை மண்ணின் புளிப்பு எலும்பைக் கரைத்துவிடும். பல்லின் மேல்பூச்சை மட்டும் விட்டுவைக்கும். முதல் வாரம் நீங்கள் பல் என்று எடுத்து வைத்ததெல்லாம் வெள்ளைக் கல். நான் சிரித்துவிட்டேன். அந்தக் காலத்து மாடு கல்லைத் தின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று நீங்களும் விடாமல் சொன்னீர்கள்.

ஒரு மதியம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அங்கே உங்கள் ஆட்கள் மட்டும்தான் அப்படிச் சொல்வீர்கள், சிலோனிலிருந்து கொண்டுவந்த சொல். இந்தப் பல்லையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்கள். ஐசோடோப்பு என்று ஆரம்பித்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி சொன்னேன். தண்ணீரிலேயே கனமானதும் லேசானதும் கலந்திருக்கிறது. கடல் மேகம் மலையேறும்போது கனமானதை முதலில் கொட்டிவிடும், மேலே வர வர லேசான மழைதான் பெய்யும். கன்று குடித்த தண்ணீர் அதன் பல் உருவாகும்போதே உள்ளே போய்ச் சேர்ந்துவிடுகிறது. எலும்பு மாறிக்கொண்டே இருக்கும், பல் மாறாது. அதனால் அந்த மாடு மலையிலேயே வளர்ந்ததா, கீழேயிருந்து ஓட்டி வந்ததா என்று மெஷின் சொல்லும்.

என்ன தின்றது என்பதையும் சொல்லும் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான். ஆனால் அதில்தான் எனக்கும் எங்கள் பேராசிரியருக்கும் தீராத தகராறு. ராகித் தட்டும் மலைப்புல்லும் மெஷினுக்கு ஒரே வகை. அந்த ஜனங்கள் ராகி விதைத்தார்களா, மாட்டைச் சும்மா புல்லில் மேயவிட்டார்களா என்று தினமும் முட்டிக்கொள்வோம். நீங்கள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மனிதப் பல்லும் சொல்லுமா என்று மட்டும் கேட்டீர்கள். சொல்லும் என்றேன்.

அடுத்த வாரம் பஞ்சில் பொதிந்து ஒரு பல்லைக் கொண்டுவந்தீர்கள். கன்னம் வீங்கி, கூடலூரில் பிடுங்கிய பல். அப்போதுதான் வீட்டுச் சண்டையைச் சொன்னீர்கள். உங்கள் அண்ணன் இனி எஸ்டேட்டை நம்பிப் பயனில்லை என்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மாவையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். அம்மாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியிருந்தது, காலையில் சாப்பிட்டது மதியம் தெரியாது. புது ஊரில் தொலைந்துபோவார், என்னோடு இருக்கட்டும் என்று நீங்கள் மறித்தீர்கள். வாய்ச்சண்டை முற்றி, நீ யார் அதைச் சொல்ல, நீ அம்மா பெற்ற பிள்ளையே இல்லை, மண்டபம் கேம்பில் எடுத்து வந்த பிள்ளை என்று அவர் சொல்லிவிட்டார். சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களை முதலில் தங்கவைத்த கடலோர முகாம் அது. சிலோன் மலைத் தோட்டம் ஒன்றிலிருந்து உங்கள் குடும்பமும் அப்படித்தான் வந்தது. அப்போது உங்களுக்கு மூன்று வயது இருக்கும், அவருக்கு ஏழு. அம்மாவைக் கேட்டால் சிரிக்கிறார், நான்கு தடவை கேட்டால் நான்கு தடவையும் சிரிக்கிறார் என்றீர்கள்.

"மலைத் தண்ணி குடிச்ச பல்லா, கடக்கரைத் தண்ணி குடிச்ச பல்லான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க தங்கச்சி. மலைன்னா நா அம்மா புள்ள. அம்மாவ யாருக்கும் விட மாட்டேன்."

கடற்கரை என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்காமலே பல்லை வாங்கிக்கொண்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் காலத்துப் பல் ஒன்றும் வேண்டும்தான், வை என்றார் பேராசிரியர். அந்தக் கருகல் வாசனையோடு பாதியாக அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். முடிவு வருவதற்குள் மழைக்காலமே கடந்துவிட்டது. மலைத் தண்ணீர் என்று வந்திருந்தது. துள்ளிக் குதித்து எழுந்தவளைப் பேராசிரியர், அது எந்தப் பல் என்று ஒரு கேள்வி கேட்டு உட்கார வைத்துவிட்டார். அது கடைவாயில் கடைசியாக முளைத்த பல். தாடைக்குள் அது உருவாவதே எட்டு, பத்து வயதுக்கு மேல்தான். அந்த வயதில் நீங்கள் குடித்தது சேரம்பாடித் தண்ணீர். மாட்டுப் பல்லின் வரிசை எனக்கு மனப்பாடம், மனிதப் பல்லில் இது உறைக்கவே இல்லை.

உங்களிடம் வந்து இதைச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் எந்தப் பல்தான் சொல்லும் என்றீர்கள். பால்பல், அது அம்மா வயிற்றிலிருக்கும்போதே உருவாகத் தொடங்குவது என்றேன். உங்கள் முகம் பளிச்சென்று ஆகி உடனே விழுந்துவிட்டது. விழுந்த பால்பல்லையெல்லாம் சாணியில் பொதிந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்தின் கூரையில் எறிந்தாயிற்றே!

இருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்து ஏறினோம். படித்தவள் நான் உங்களைத் தடுத்திருக்க வேண்டும், எனக்கு முன்னால் நீங்கள் ஏறாமல் பார்த்துக்கொண்டதுதான் நான் செய்த காரியம். ஒழுகுதா என்று பக்கத்து வீட்டுக்காரர் கீழேயிருந்து கேட்டார். ஆமாம் என்றோம். ஓடுகளின் சந்தில், பாசிக்கும் காய்ந்த இலைக்கும் நடுவே சின்னச் சின்னதாக நாலைந்து பற்கள் கிடைத்தன. அந்த லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோருமே அங்கேதான் எறிந்திருக்கிறார்கள். நீங்கள் அவற்றை உள்ளங்கையில் பரப்பி வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு ஒன்றை எடுத்து, இது என்னுடையது என்று என்னிடம் கொடுத்தீர்கள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியும் என்றீர்கள். ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பல்லை அனுப்புவதற்குள் அண்ணன் ஜீப்போடு வந்துவிட்டார். அன்று நானும் அங்கே இருந்தேன். மூட்டை ஏற்றியாகிவிட்டது. அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் கெஞ்சினார், அதட்டினார், அழுதும் பார்த்தார். அம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. கையை மட்டும் விடவில்லை. கடைசியில் ஜீப் அவரோடு மட்டும் போனது. பல்லை அனுப்ப வேண்டாம் என்று சாயங்காலம் சொன்னீர்கள். சரி என்றேன். அம்மா உங்களைத் தெரிந்துதான் பிடித்திருந்தாரா, பயத்தில் அகப்பட்ட கையைப் பற்றிக்கொண்டாரா? உங்களுக்கு அந்தக் கேள்வி வந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது, இன்றுவரை போகவில்லை. அம்மா கடைசிவரை உங்களோடுதான் இருந்தார்.

போன ஆடி மழையில் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். திருப்பூரிலிருந்து அண்ணன் வந்தார், தலை முழுக்க நரை. அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் முகம் கொடுக்கவில்லை. அவராகவே பேசினார்.

"தங்கச்சி கையப் புடிச்சுக்கன்னு கேம்புல அம்மா என்கிட்ட விட்டுட்டுப் போச்சுங்க. ஒரே கூட்டம். கைய விட்டுட்டேன். பொழுது சாயுற நேரத்துல அம்மா ஒரு புள்ளயத் தூக்கிட்டு வந்துச்சு. போட்டிருந்த கவுன் வேற ஒண்ணு. அழுதுட்டே இருந்துச்சு, என்கிட்ட வரவே மாட்டேன்னுச்சு. அது அவதானான்னு எனக்கு இன்னிக்கும் தெரியலீங்க."

கவுன் அழுக்காகி யாராவது மாற்றியிருக்கலாம். கையை விட்ட அண்ணனிடம் எந்தக் குழந்தைதான் உடனே வரும்? அப்படியும் இருக்கலாம், அவர் பயப்படுவது போலவும் இருக்கலாம். எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அந்தக் கேம்பு நிறைய இருந்தவர்கள் பெரும்பாலும் சிலோன் மலைத் தோட்டத்து ஜனங்கள். பிள்ளை மாறியே போயிருந்தாலும் அதுவும் ஒரு மலைத்தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருந்திருக்கும். எந்தப் பல்லை அனுப்பியிருந்தாலும் மலைத் தண்ணீர் என்றுதான் வந்திருக்கும். நாம் கூரையேறியதற்கு அர்த்தமே இல்லை. அவர்மேல் எனக்கிருந்த கோபமும் அந்த நிமிடத்தில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது.

பால்பல் வைத்த டப்பா என் கைப்பையில் இருந்தது. அதை ஏன் எடுத்துப்போனேன் என்று கேட்காதீர்கள். கூரையில் எடுத்த பல்லைப் பற்றி நீங்கள் எப்போதோ அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள் போல, அது என்னிடமா இருக்கிறது என்று அவர் கேட்டார். சோதித்துப் பார்க்கவா என்றேன். வேண்டாம், என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். அது அக்காவின் பல்தானா என்பதே நிச்சயமில்லை, எத்தனையோ பிள்ளைகள் எறிந்த கூரை அது என்று சொன்னேன். "பரவாயில்லீங்க, குடுங்க," என்று கையை நீட்டினார். வைத்ததும் மூடிக்கொண்டார். பஸ் ஏறும்போது கம்பியைப் பிடிக்கக்கூட அந்தக் கையைத் திறக்கவில்லை, மற்றக் கையால் தடுமாறித்தான் ஏறினார்.

அன்று அறுத்த கடைவாய்ப் பல்லின் மறுபாதி என்னிடம் இருக்கிறது. இந்தக் கதையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அது உங்களுடையது, அதற்குள் இருப்பது சேரம்பாடித் தண்ணீர். அப்படி ஒன்று இருப்பது உங்கள் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்து கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன், அக்கா.