ரிஃபாவின் அத்தா விழுந்த நாள்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கிளமெண்டியில் ரயில் ஏறும் முன்பே ஷூ நனைந்துவிட்டது. பெருநாள் கழிந்து ஜாலான் புசார் ஹாலில் முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு. பிள்ளைகள் வாயில் பிரியாணிப் பேச்சுதான்.

வாங்க வேண்டியவை: கையில் பூச சாக் பொடி, பிளாஸ்டர், வீட்டுக்கு முட்டை.

ரிஃபா இன்றும் தாவவில்லை. தாழ்ந்த கம்பியான லோ பார் மேல் ஏறி நிற்கிறாள். எதிரே உயரக் கம்பி, ஹை பார். ஒரே தாவல், பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். கையை நீட்டுகிறாள், அப்படியே உட்கார்ந்து இறங்கிவிடுகிறாள். ஏப்ரலில் கை வழுக்கி விழுந்து மோவாயில் தையல் போட்டதிலிருந்து இப்படி. அதற்கு முன் வகுப்பிலேயே அழகாகத் தாவியவள் இவள்தான். பத்து வயது.

நடுவில் தடித்த மெத்தை போட்டேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பாரைக் கொஞ்சம் இறக்கினேன். ம்ஹூம்.

போகும்போது ஷூ மாட்டிக்கொண்டே சொன்னாள். "கோச், ஹாலிடேஸ் முடிஞ்சதும் நான் நின்னுக்கிறேன். அம்மா ஆர்ட் கிளாஸ் பாத்து வச்சிருக்காங்க."

அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

வெயில். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, அதிசயம்.

இன்று ஒன்று கவனித்தேன். தாவுவதற்கு முன் ரிஃபா பாரைப் பார்ப்பதில்லை. பெற்றோர் பெஞ்சைப் பார்க்கிறாள். அங்கே அவள் அத்தா, ஹமீது அண்ணன். தேக்கா சந்தையில் துணிக்கடை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எல்லா வகுப்புக்கும் வருகிறார். மகள் லோ பாரில் எழுந்தால் இவரும் பெஞ்சிலிருந்து எழுந்துவிடுகிறார்.

தண்ணீர் குடிக்க விட்டபோது அவளிடம் கேட்டேன். "என்னம்மா பயம்? விழுந்துடுவோம்னா?"

"விழுந்தா பரவால்ல கோச். தையல் போட்ட அன்னைக்கு அத்தா அழுதுட்டாங்க. வேன்ல. நான் தூங்கிட்டேன்னு நினைச்சிட்டாங்க."

அவள் பாட்டிலை மூடிக் கொடுத்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஹமீது அண்ணனைக் கீழே காப்பிக் கடைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. கொஞ்ச நாள் ஹாலுக்கு வெளியே இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"வெளிய நின்னா உயிரே போயிடும் கோச்." பிறகு, "அப்ப அவ எனக்காகவா கிளாஸ நிறுத்துறா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விழுந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நான் எப்படிச் சொல்றது? எனக்கே நம்பிக்கை இல்லையே. அந்த மெத்தைல நானே ஒரு தடவை விழுந்து பாக்கட்டுமா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 14, சனி

ஹமீது அண்ணன் தாவிப் பார்க்க அனுமதி கேட்டதற்குத் தலைமைக் கோச் லிம் மேடத்திடம் நல்ல திட்டு. பெரியவர்களை ஏற்றினால் இன்சூரன்ஸுக்கு யார் பதில் சொல்வது? கடைசியில் இறங்கி வந்தார். பார் மேல் ஏறக் கூடாது, பயிற்சி மரப்பெட்டியிலிருந்துதான் தாவ வேண்டும். இருக்கிற மெத்தை எல்லாம் போட வேண்டும். ஒரே தடவை. அவர் உடைந்தால் தூக்க வேண்டியது நான். மேடம் நன்றாக இருக்கட்டும்.

ஹமீது அண்ணன் புது டிராக் பேண்ட்டில் வந்தார். விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ரிஃபா முகத்தை மூடிக்கொண்டாள். "அத்தா வேணாம்லா. மானம் போகுது."

பிஸ்மில்லாஹ் என்றார். தாவினார். விரல் நுனி பாரில் பட்டது, அவ்வளவுதான். தொப்பென்று குப்புற மெத்தையில்.

ஓடினேன். தோள்கள் குலுங்கின. ஐயோ என்று குனிந்து பார்த்தால், சிரிக்கிறார்.

"ரிஃபா, இது ரொம்ப மெத்துனு இருக்கும்மா. ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?"

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். ரிஃபாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல். லிம் மேடம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

விக்கல் நின்றதும் ரிஃபா என்னிடம் வந்தாள். "கோச், நானும் வேணும்னே விழட்டுமா?"

லோ பாரில் ஏறினாள். ஹை பாரைப் பிடிக்காமலே குதித்தாள். மெத்தையில் விழுந்தாள். மறுபடி ஏறினாள். மறுபடி விழுந்தாள். கடைசிவரை அதேதான். ஹமீது அண்ணன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். அவருக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும்.

பாரைப் பிடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

வீரமாகாளியம்மன் கோயில் வழியாக நடந்து போனேன். வேண்டுதல் எதுவும் இல்லை. இந்த வேலை எனக்குக் கிடைத்ததே, அதற்கு ஒரு கும்பிடு.

ஜூன் 17, செவ்வாய்

தூறல். சாக் பொடி வாங்கியாயிற்று, பிளாஸ்டர் மறந்தேன். புதுப் பிள்ளை ஒருத்தி மெத்தையில் வாந்தி. துடைத்து முடிக்கவே பாதி வகுப்பு.

ரிஃபா முதலில் வேண்டுமென்றே விழுந்தாள். இப்போது அது அவளுக்கு விளையாட்டு. மறுபடி ஏறினாள். பெஞ்சைப் பார்க்கவில்லை. நான் இரண்டு பாருக்கும் நடுவில் கையை உயர்த்தித் தயாராக நின்றேன். தாவும் சத்தம் கேட்டது. என் கைக்கு எதுவும் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். ஹை பாரில் தொங்கிக்கொண்டிருக்கிறாள்.

பெஞ்சிலிருந்து அல்ஹம்துலில்லாஹ் என்று மெல்லிய குரல். மேலேயிருந்தே அவள், "அத்தா, ஆர்ட் கிளாஸ் வேணாம்னு அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். "சரி, இறங்கும்மா. அடுத்த ஆள் காத்திருக்கு."

"இருங்க கோச். இங்கேருந்து பாத்தா நீங்கல்லாம் குட்டியா இருக்கீங்க."